சேவூர் ரோட்டில் நின்ற பத்மினி

"செல்ஃப் அடிக்காதீங்க தம்பி, பேட்டரி எறங்கிரும். பெட்ரோல் வராத வண்டி, எத்தனை தடவை சாவியைத் திருகினாலும் எந்திரிக்காது."

சேவூர் ரோட்டின் ஓரத்தில் நின்றிருந்த பழைய பத்மினி காருக்குள் இருந்து செந்தில்வேல் எட்டிப் பார்த்தான். ஸ்கூட்டரை ஸ்டாண்டு போட்டுவிட்டு ஒரு பெண் வந்துகொண்டிருந்தாள். நாற்பத்தைந்து வயது இருக்கும். கழுத்தில் சின்னச் சிலுவை, தோளில் மறந்துபோய்த் தொங்கிய இன்ச் டேப்.

"உங்களுக்கு வண்டி வேலை தெரியுங்களாக்கா?"

"பேரு ரோஸ்மேரி. நல்லூர்ல தையல் யூனிட் வச்சிருக்கேன். முப்பது மெஷின் ஓடுது. எது நின்னாலும் நான்தான் பிரிச்சுப் பார்ப்பேன். பானெட்டைத் திறங்க."

அவன் டாஷ்போர்டுக்கு அடியில் கையை விட்டுத் துழாவினான். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, அவளே ஜன்னல் வழியாகக் கையை நீட்டி எதையோ இழுத்தாள். பானெட் தளர்ந்தது.

"இன்ஜின் வேலை பார்த்து ஒரு வாரம் இருக்குமா?"

"ஆமாங்க. ஒரு வாரம், பத்து நாள் இருக்குமுங்க."

"மெதுவாப் போனா ஓடுது. நாப்பதைத் தாண்டினா திணறி நின்னுருது. பத்து நிமிஷம் சும்மா விட்டா மறுபடி கிளம்புது. சரிதானா?"

"அப்படியேதானுங்க. ஓட்டிப் பார்க்காமயே எப்படிக்கா சொல்றீங்க?"

"இந்த மாதிரி வண்டிக்கு வர்ற வியாதி தம்பி. அவசரமாப் போறீங்களோ?"

"குன்னத்தூர்ல மாமனாருக்கு ஒடம்பு சரியில்லீங்க. வெரசாப் போகோணும்."

"போயிரலாம்" என்றாள். அவள் குரலில் சந்தேகமே இல்லை.

ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் இருந்து ஸ்பேனர்களை எடுத்து வந்தாள். ஒரு பிளக்கைக் கழற்றி, வயரோடு இன்ஜின் மேல் வைத்தாள்.

"இப்ப ஒரே ஒரு தடவை சாவியைத் திருகுங்க."

பளிச்சென்று நீலப் பொறி விழுந்தது.

"கரண்ட் பிரமாதமா வருது. இனி பெட்ரோலைப் பார்ப்போம்." பிளக்கைத் திரும்பப் பூட்டிவிட்டு, கார்புரேட்டருக்குப் போகும் டியூப்பை உருவினாள். பம்பின் பக்கவாட்டில் இருந்த சின்னக் கைப்பிடியை விரலால் அசைத்தாள். இரண்டு சொட்டு விழுந்தது. அப்புறம் வெறும் காற்று.

"பம்புல கோளாறு இல்ல. அதுக்குப் பெட்ரோல்தான் வந்து சேரல."

"டேங்குல பாதிக்கு மேல இருக்குதுங்க. முள்ளு காட்டுது பாருங்க."

"டேங்குல இருக்கு. வழியில எங்கேயோ மறிச்சு நிக்குது. டேங்க் மூடியைத் திறந்து காதை வையுங்க. நான் இந்தப் பக்கம் டியூப்ல ஊதுறேன். குமிழி சத்தம் கேக்குதான்னு சொல்லுங்க."

அவள் கன்னம் உப்ப ஊதினாள்.

"ஒண்ணும் கேக்கலீங்க."

"அப்ப நடுவுலதான் அடைப்பு. அடியில படுங்க தம்பி. இரும்புக் குழாயும் ரப்பர் டியூப்பும் சேர்ற இடம் ஒண்ணு இருக்கும். அந்தக் கிளிப்பைத் தளர்த்தி டியூப்பை இழுங்க."

செந்தில்வேல் ரோட்டைப் பார்த்தான். பிறகு தன் வெள்ளைச் சட்டையைப் பார்த்தான். வேறு வழியில்லாமல் மல்லாக்கப் படுத்து வண்டிக்கு அடியில் ஊர்ந்தான்.

"கழட்டிட்டனுங்க. குழாய்க்குள்ள என்னமோ இருக்குது."

"மெதுவா இழுங்க. அறுந்துரக் கூடாது."

வெளியே வந்தவன் கையில் விரல் நீளத்துக்கு ஒரு துணி. பெட்ரோலில் ஊறிப் பழுப்பேறிய, வண்டி துடைக்கும் பனியன் வேஸ்ட்.

ரோஸ்மேரி அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். முகம் மலர்ந்துவிட்டது.

"இன்ஜினை இறக்கும்போது பெட்ரோல் ஒழுகக் கூடாதுன்னு குழாய் வாயில திணிச்சிருக்காங்க. திரும்ப மாட்டும்போது எடுக்க மறந்துட்டாங்க. துணியில கசியற பெட்ரோல் மெதுவாப் போகப் போதும். வேகமாப் போனா எப்படிப் போதும்?"

டியூப்களை மாட்டினார்கள். அவள் பம்பின் கைப்பிடியை இருபது முறை அசைத்துவிட்டு உள்ளே கையை விட்டுச் சாவியைத் திருகினாள். முதல் திருகலிலேயே இன்ஜின் உறுமி, பிறகு சீராக ஓடத் தொடங்கியது.

"ரொம்பப் புண்ணியமுங்க்கா. நான் கிளம்பறனுங்க."

அதற்குள் அவள் டிரைவர் சீட்டில் உட்கார்ந்திருந்தாள்.

"நின்ன இடத்துல எல்லா வண்டியும் நல்லாத்தான் ஓடும். வேகமா ஓட்டிப் பார்த்தாத்தானே தெரியும்? மறுபடி நடு வழியில நின்னா என்ன செய்வீங்க? நான் ஓட்டுறேன். நீங்க பின்னால உட்கார்ந்து பெட்ரோல் வாடை வருதான்னு கவனிங்க. ரெண்டு கிலோமீட்டர் போதும்."

அவன் தயங்கினான். மறுபடி நின்றுவிடுமோ என்ற பயம் தயக்கத்தை வென்றது. பின் சீட்டில் ஏறினான்.

நாற்பது. ஐம்பது. அறுபது. வண்டி ஒரு முறைகூடத் திணறவில்லை.

"வாடை வருதா?"

"இல்லீங்க. வண்டி சூப்பரா ஓடுது. போதுங்க்கா, திருப்பிக்கலாமுங்க."

"இந்தா, திருப்பிட்டேன்."

வண்டி இடதுபுறம் ஒரு கேட்டுக்குள் நுழைந்து சுவரை ஒட்டி நின்றது. தலையை நிமிர்த்திய பிறகுதான் செந்தில்வேல் அந்தப் போர்டைப் படித்தான். காவல் நிலையம்.

ரோஸ்மேரி ஹாரனை அழுத்திப் பின் சீட்டைக் காட்டினாள். கான்ஸ்டபிள் வேல்குமார் ஓடி வந்து பின் கதவைத் திறந்து அவன் கையைப் பிடித்தார். "காலையில உங்க யூனிட் வாசல்ல இருந்து சாவியோட காணாமப் போன வண்டி இதுதானுங்களாக்கா? பார்த்ததும் எங்களுக்கு ஒரு போன் போட்டிருக்கலாமில்லீங்க?"

"போட்டிருப்பேன் சார்" என்றாள் ரோஸ்மேரி, கையில் இருந்த கிரீஸைத் துடைத்தபடி. "ஒரு வாரமா இந்தக் கோளாறோட மல்லுக்கட்டுறேன், அடியில படுத்து டியூப்பைக் கழட்டித் தர இன்னைக்குத்தான் ஒரு ஆள் கிடைச்சாரு."