ஒலிபெருக்கி உடைத்த பலூன்

"பலூனைத் தலையில தேய்க்கக் கூடாது. கம்பளித் துணியிலதான் தேய்க்கணும். முடிச்சதும் ஒவ்வொருத்தரும் இரும்புக் குழாயைத் தொட்டுட்டு வந்துதான் உட்காரணும்."

அறிவியல் டீச்சர் போட்ட இந்தச் சட்டம், ஆய்வுக்கு வந்திருந்த கல்வி அதிகாரிக்குப் பிடிக்கவில்லை.

"குழாயை எதுக்குத் தொடணும்?" என்று பிள்ளைகளைக் கேட்டார்.

வழக்கம்போல முதலில் எழுந்தவன் ஒலிபெருக்கி. வகுப்பே அவனுக்கு வைத்த பெயர். ஒரு ரகசியம் அவன் காதில் விழுந்தால் போதும், அடுத்த மணி அடிப்பதற்குள் பள்ளிக்கூடம் முழுக்கப் பரவிவிடும்.

"தேய்க்கும்போது துணியிலேர்ந்து எலெக்ட்ரான் பலூனுக்குப் போயிடும் சார். பலூனுக்கு எதிர் மின்னூட்டம், துணிக்கு நேர் மின்னூட்டம். நம்ம உடம்புலயும் கொஞ்சம் ஏறிக்கும். இரும்பைத் தொட்டா அது தரைக்கு இறங்கிடும்."

"அதெல்லாம் சரி. தலைமுடி எழும்பி நிக்கறதைப் பார்க்கறதுதானே பசங்களுக்குக் குஷி? அதையே தடுத்து வச்சிருக்கீங்களே டீச்சர்."

அவர் சொன்னதிலும் தப்பில்லை. ஒரு பலூனை எடுத்துத் துணியில் பரபரவென்று தேய்த்தார். "ஏம்மா, நீளமா முடியை விரிச்சு விட்டிருக்கியே, நீ வா."

அவர் கைகாட்டியது புதிதாகச் சேர்ந்த பெண்ணை.

டீச்சர் அந்தச் சட்டத்தைப் போட்டதே அவளுக்காகத்தான். அந்த முடிக்கு அடியில்தான் காதுக் கருவி இருக்கிறது. அது இல்லாவிட்டால் அவளுக்கு எதுவுமே கேட்காது. மின்னூட்டம் தாக்கினால் கெட்டாலும் கெட்டுவிடும். பழைய பள்ளியில் கேலி தாங்காமல் ஓடி வந்த பிள்ளை. "யாருக்கும் தெரிய வேண்டாம் மிஸ்" என்று அழுது கேட்டிருந்தாள். இப்போது வாயைத் திறந்தால் அவள் மானம் போகும், திறக்காவிட்டால் கருவி போகும்.

அந்தப் பெண் காதோரத்தைக் கையால் மூடிக்கொண்டு மெல்ல எழுந்தாள்.

டமார்.

பாய்ந்து வந்த ஒலிபெருக்கி, அதிகாரி கையிலிருந்த பலூனைப் பேனாவால் குத்திவிட்டான்.

அவர் முகம் சிவந்தது. "வேற பலூன் கொண்டாங்க."

முதல் பெஞ்சில் ஒன்று வெடித்தது. பிறகு பின்னால், பக்கத்தில், ஜன்னலோரத்தில் என்று வகுப்பே படபடவென்று வெடித்துத் தீர்த்தது. கடைசியில் புதுப் பெண்ணும் சிரித்துக்கொண்டே தன்னுடையதை உடைத்தாள்.

"இப்படி அடங்காத வகுப்பை நான் பார்த்ததே இல்லை" என்று சொல்லிவிட்டு அதிகாரி வெளியேறினார்.

டீச்சர் ஒலிபெருக்கியைத் தோளைப் பிடித்து வராந்தாவுக்கு இழுத்துப் போனார்.

"என் வேலைக்கே உலை வைக்கப் பார்த்தியா? எதுக்குடா உடைச்ச?"

அவன் குரலைத் தாழ்த்திப் பேசி டீச்சர் கேட்டது அன்றைக்குத்தான் முதல்முறை.

"அவ காதுல மெஷின் இருக்கு மிஸ். வந்த வாரமே பார்த்துட்டேன்."

டீச்சர் பிடியை இறுக்கினார். "எல்லார்கிட்டயும் சொல்லிட்டியா?"

"சொன்னாத்தானே மிஸ் எல்லாரும் பார்த்துப்போம்?"

டீச்சரின் பிடி தானாகத் தளர்ந்தது.

அவன் வகுப்புப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுச் சொன்னான். "எங்களுக்குத் தெரியும்னு அவளுக்கு மட்டும்தான் தெரியாது. நீங்க சொல்லிடாதீங்க மிஸ்."