முகஜாடை

உதவி இயக்குநர் படகில் இருந்தவர்களைக் குடும்பம் குடும்பமாகப் பிரித்துக்கொண்டிருந்தான்.

நிஜப் படகுதான். கடல்தான் நிஜமில்லை, படப்பிடிப்புக் கூடத்துக்குள் கட்டிய பெரிய தொட்டி.

உயிர் பிழைக்கக் கடல் கடந்து வந்தவர்களைப் பற்றிய படம். எல்லா நிறத்து மனிதர்களும் அதில் இருக்க வேண்டும் என்பதில் இயக்குநர் கறாராக இருந்தார். உண்மையிலேயே அப்படி வந்தவர்களைத் தேடிப் பிடித்துக் கூட்டி வந்திருந்தார்கள்.

பள்ளிக்கூட வேன் ஓட்டுகிற அவளும், லிப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்ற அவள் அண்ணனும் அப்படி வந்தவர்கள்தான். வேண்டாம் என்றவளை அண்ணன்தான் விடாப்பிடியாக இழுத்து வந்தார். இன்னொரு தடவை படகில் ஏறிப் பார்த்துவிட வேண்டும் அவருக்கு.

உதவி இயக்குநர் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான். அண்ணனை முன்பக்கம் ஒரு குடும்பத்துக்குத் தாத்தாவாக்கினான். அவளைப் பின்பக்கம் வேறொரு குடும்பத்தில், முன்பின் தெரியாத இரண்டு பெண்களுக்கு அக்காவாக்கினான்.

மின்விசிறிகள் சுழன்றன. குழாய்கள் தண்ணீரைப் பீய்ச்சின. அடியிலிருந்த இயந்திரம் படகை ஆட்டத் தொடங்கியது.

எல்லோரும் அழ வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். அவளுக்குச் சிரிப்புதான் வந்தது.

சின்ன வயதில் வந்த அந்தப் படகில் அண்ணன் அடித்த கூத்து அப்படி. படகோட்டி தூங்கி வழிவதையும், பக்கத்து மனிதர் குறட்டை விடுவதையும் நடித்துக்காட்டுவார். அம்மா அதட்டுவாள், அதட்டிக்கொண்டே வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். பிள்ளைகள் எல்லோரும் ஒரே போர்வைக்குள் முடங்கிக் கிடப்பார்கள். அலை தூக்கிப் போட்டால், எந்த மூலையில் இருந்தாலும் அண்ணன் தவழ்ந்து வந்து அவளை ஒட்டி உட்கார்ந்துகொள்வார்.

மழை நாளில் வீட்டுக்குள் காயப்போட்ட துணி நாறினால் மற்றவர்கள் மூக்கைச் சுளிப்பார்கள். அவள் மட்டும் ஒரு நிமிஷம் நின்று, மூச்சை இழுத்துவிட்டுத்தான் போவாள். அந்தப் போர்வையின் வாசனை அது.

படகு பலமாக ஒருபக்கம் சாய்ந்தது.

முன்பக்கத்துத் தாத்தா எழுந்தார். தன் புதுப் பேரப்பிள்ளைகளைத் தாண்டி, யார் யார் தோளையோ பிடித்துக்கொண்டு தள்ளாடி வந்து, அவள் பக்கத்தில் தொப்பென்று உட்கார்ந்தார்.

படப்பிடிப்பு நின்றது.

"ஐயா, ஏன் எந்திரிச்சு வந்தீங்க?" நொந்துபோய்க் கேட்டான் உதவி இயக்குநர்.

"படகு ஆடுச்சுல்ல தம்பி. தங்கச்சி பயந்துக்குவா."

"தங்கச்சின்னா படம் பாக்கறவங்க நம்பணுமே, ஐயா" என்றான் அவன். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. முகத்தைப் பார்த்துச் சொன்னான்.

அண்ணன் நகர்வதாக இல்லை. கடைசியில் இருவரையும் கேமராவுக்கு எட்டாத ஒரு மூலைக்கு மாற்றினார்கள். முழங்கால் இடிக்க நெருக்கி உட்கார்ந்து, இரண்டு பேரும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி சத்தமில்லாமல் சிரித்தார்கள்.

அன்று கரையில் நின்ற சீருடைக்காரருக்கும் இதே சந்தேகம்தான். அம்மாவையும் பிள்ளைகளையும் வரிசையாகப் பார்த்துக்கொண்டே வந்தவர், அவள் முகத்துக்கு வந்ததும் நின்றுவிட்டார். இது யார் என்று விரலை நீட்டினார்.

அம்மா அவளை இழுத்து இடுப்போடு அணைத்துக்கொண்டு ஏதோ சொன்னாள்.

என்ன சொன்னாள் என்று அப்போது அவளுக்குப் புரியவில்லை. அம்மாவின் மொழியை அவள் அதற்குப் பிறகுதான் கற்றுக்கொண்டாள். படகில் ஏறும்போது தன் கையைப் பிடித்திருந்தது யார், அந்தக் கை எப்போது விட்டுப் போனது என்பதெல்லாம் இன்றுவரை நினைவில்லை.

இறங்கும்போது அந்த மொழியில் அவளுக்குத் தெரிந்திருந்த ஒரே வார்த்தை, 'அண்ணா'.