மைக் அண்ணனுக்கு ஒரு போட்டி

"யாரு மச்சான் அந்தப் பொம்பள? உண்மையைச் சொல்லு!"

சாவி ராவிக்கொண்டிருந்த அரத்தோடு எழுந்தே விட்டார் பூட்டுக்கடைக்காரர். வாசலில் விளம்பர வண்டி மெதுவாக ஊர்ந்துகொண்டிருந்தது. அதன் தலையில் கட்டிய ஒலிபெருக்கியில் பதிவு செய்த பெண் குரல் ஒன்று பேசியது.

"நம் ஊருக்கு நாளை... நூற்றைம்பது வயது! காலையில் ஊர்வலம். பள்ளி வகுப்பறையில் பழைய புகைப்படக் கண்காட்சி. மாலையில் பள்ளி மைதானத்தில் கயிறு இழுக்கும் போட்டி. எல்லோரும் வாருங்கள். பிறந்தநாள்... நமக்கும்தான்!"

கண்காட்சி அறைக்கு மாற்றுச் சாவி போட வந்திருந்த மைத்துனர் நமுட்டுச் சிரிப்புச் சிரித்தார். மனைவியின் தம்பி என்றாலும் இப்போது அவர் விழாக் கமிட்டிச் செயலாளர்.

"சொல்லக் கூடாதுன்னு கமிட்டியில முடிவு, அத்தான். நாளைக்கு மேடையில பார்த்துக்குங்க."

பூட்டுக்கடைக்காரர் என்றால் ஊரில் பாதிப் பேருக்குத் தெரியாது. 'மைக் அண்ணன்' என்றால் கைக்குழந்தையும் திரும்பிப் பார்க்கும். பூங்கா திறப்பா, விளையாட்டு விழாவா, மைக் அவர் கையில்தான். வீட்டில் மட்டும் என்ன வாழ்ந்தது? வெளியூரிலிருக்கும் மகன் போன் செய்தால் இவரே எடுத்து, இவரே பேசி, இவரே வைத்துவிடுவார். அப்படிப்பட்டவரை ஊரின் பெரிய விழாவில் கழற்றிவிட்டிருந்தார்கள்.

"நான் என்ன மச்சான் தப்பு பண்ணேன்?"

"போன வருஷம் நூலகத் திறப்பு விழாவுல வரவேற்புரைன்னு ஆரம்பிச்சீங்களே, மறந்துட்டீங்களா? நீங்க முடிக்கிறதுக்குள்ள சிறப்பு விருந்தினருக்கு ரயிலுக்கு நேரமாயிடுச்சு. ரிப்பன் வெட்ட வந்த மனுஷன் கத்தரிக்கோலை வாட்ச்மேன் கையில குடுத்துட்டு ஓடினாரு!"

"விஷயம் இருந்துச்சு, பேசினேன்!"

மனைவி இரண்டு டம்ளரில் தேநீர் கொண்டுவந்து, இரும்புத் தூளை ஒதுக்கிவிட்டுப் பட்டறை மேசையில் வைத்தாள்.

"கேட்டியா, உன் தம்பி பேசறதை?"

"ம்" என்றாள் அவள்.

வண்டி தெருக்கோடியில் திரும்பியது. குரல் தேய்ந்து மறையும்வரை மைக் அண்ணன் ஜன்னல் பக்கமாகத் தலையைச் சாய்த்துக் கேட்டார். ஒரு வாரமாக இதே வேலைதான். கேட்காமலும் இருக்க முடியவில்லை. கேட்டால் பற்றிக்கொண்டு வருகிறது.

"மறைக்காம சொல்றேன் மச்சான், வயிறு எரியுது. நூற்றைம்பதுக்கு முன்னாடி ஒரு இழுப்பு இழுத்து நிறுத்தினா பாரு, அது என்னோடது! முக்கியமான வார்த்தைக்கு முன்னாடி மூச்சு விடணும்னு இந்த ஊர்ல கண்டுபிடிச்சவன் நான். எவளோ என் கூடவே இருந்து களவாடின மாதிரி இருக்கு."

"கூட்டத்துல உட்கார்ந்து கேட்டிருப்பாங்க, அத்தான்."

"கேட்டதோட நின்னாளா? எனக்கே போட்டியா வந்து நிக்கிறா! குரல் நல்லாத்தான் இருக்கு, இல்லேங்கல. அதுதான் எனக்குத் தாங்கல." அவர் தேநீரை ஒரே மடக்கில் குடித்தார். "ஆனா ஒண்ணு. இப்படி ஒரு வாய் உள்ளவளைக் கட்டினவன் பாவம்டா! வீட்டுல அவன் ஒரு வார்த்தை பேச முடியுமா? என்ன சொல்றே நீ?"

கடைசிக் கேள்வி மனைவிக்கு.

"ம்" என்று அவருடைய காலி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். மைத்துனருக்குத் தேநீர் புரையேறிவிட்டது.

"சிரிக்காதே மச்சான். அறைக்குள்ள உட்கார்ந்து பதிவு பண்றது வேற, ஊரே உட்கார்ந்திருக்கும்போது பேசறது வேற. கூட்டத்தைப் பார்த்ததும் அவளுக்கு நாக்கு ஒட்டிக்கும். அப்ப என்கிட்டதான் ஓடி வருவீங்க."

"வந்தா மாட்டேன்னு சொல்லிடுவீங்களா?"

"யோசிப்பேன்" என்றார் மைக் அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டு.

மறுநாள் காலை விழாவுக்குப் போவதில்லை என்று சொல்லிவிட்டு, குளித்து, தேய்த்த வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, வாசலையே பார்த்தபடி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மைதானத்தில் ஒலிபெருக்கி உறுமி அடங்கியது. யாரும் பேசவில்லை. அவருக்கு உள்ளூர ஒரு குளிர்ச்சி. அந்தப் பொம்பளை பயந்துவிட்டாள்!

நினைத்தது போலவே வாசலில் கமிட்டி கார் வந்து நின்றது. மைத்துனர் வியர்க்க விறுவிறுக்க இறங்கி ஓடிவந்தார்.

மைக் அண்ணன் சாவகாசமாக எழுந்தார். மன்னித்துவிட்டேன் என்று சொல்வதற்காகவே தொண்டையைச் செருமி வைத்திருந்தார்.

"வா மச்சான். வருவேன்னு தெரியும். நடந்தது நடந்து போச்சு, நான் மனசுல எதையும் வச்சுக்கல. ஊர் மானம்தான் முக்கியம். கிளம்பு!"

"கொஞ்சம் வழி விடுங்க, அத்தான்" என்று அவரைத் தாண்டி உள்ளே எட்டிப்பார்த்தார் மைத்துனர். "அக்கா! ரெடியா? மேடையில எல்லாரும் உனக்காகத்தான் காத்திருக்காங்க!"

பட்டுப்புடவைக் கொசுவத்தைச் சரிசெய்தபடி மனைவி வெளியே வந்தாள். திகைத்து நின்ற கணவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"நீங்களும் வாங்க. முன்வரிசையில உங்களுக்கு... ஒரு நாற்காலி போடச் சொல்லியிருக்கேன்!"

ஒரு வாரமாகத் தெருவில் போய்க்கொண்டிருந்த அந்தக் குரல், கல்யாணமான இருபத்தாறு வருடத்தில் முதன்முறையாக அவர் வீட்டுக்குள் ஒரு முழு வாக்கியம் பேசியது.