கேட்டில் ஒரு வணக்கம்

"எட்டுலேர்ந்து பத்து மணி வரைக்கும் நீங்க கேட்ல நின்னு, வர்ற ஒவ்வொருத்தருக்கும் வணக்கம் சொல்லணும் சார். குடை, நாற்காலி எதுவும் கூடாது."

தாமதமாக வரும் தொழிலாளர்களைத் திருத்த முதலாளி வரவழைத்த பயிற்சியாளர் அவள். தையல் ஆலை மேனேஜருக்கு முகம் சுண்டிப்போனது.

"லேட்டா வர்றவங்களை நான் வெயில்ல நிக்க வைப்பேன். இப்ப நானே நிக்கணுமா?"

"நீங்க மாறினா அவங்களும் மாறுவாங்க."

ஒரே மாதம். ஒன்பது மணி வேலைக்கு எட்டேகாலுக்கே எல்லாரும் ஆஜர். ஜன்னலுக்கு ஜன்னல் சிரித்த முகங்கள்.

"பிரமாதம்மா! எப்படித் தோணுச்சு இந்த யோசனை?" சட்டை வியர்வையில் தொப்பலாக நனைந்திருந்தது அவருக்கு.

"உங்ககிட்ட கத்துக்கிட்டதுதான். பத்து நிமிஷம் லேட்டுன்னு எங்கம்மாவை இதே இடத்துல சாயங்காலம் வரைக்கும் நிக்க வச்சீங்க. அவங்க கையைப் பிடிச்சுக்கிட்டு நானும் நின்னேன்."

அவர் கேட்டை விட்டு விலகினார். "நாளைலேர்ந்து நான் நிக்க மாட்டேன்!"

"இவங்க சீக்கிரம் வர்றதே நீங்க நிக்கிறதைப் பார்க்கத்தான் சார். நீங்க விட்டா அவங்களும் விட்டுடுவாங்க. அதான், நீங்க ரிட்டயர் ஆகிற வரைக்கும் இது தொடரணும்னு முதலாளி கையெழுத்தே போட்டுட்டார்."