ஞாயிற்றுக்கிழமை நாற்காலிகள்

“இன்னைக்கு நான் சொல்லிடப் போறேன். இதுதான் கடைசி” என்றாள் மருமகள், மாமனார் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே.

“நீயே சொல்லு. எனக்கு வாய் வராது” என்றான் கணவன். அப்பாவிடம் பேச வேண்டிய எதையும் கல்யாணமான நாளிலிருந்து அவள் தலையில்தான் கட்டிவந்தான்.

மாமனார் பெயர்பெற்ற சர்ஜன். குடல்வால் ஆபரேஷன் என்றால் டீ ஆறுவதற்குள் தையல் போட்டு முடித்துவிடுவார் என்று ஆஸ்பத்திரியில் ஒரு பேச்சு உண்டு. ஓய்வு பெற்றதும் பிரஷ்ஷைப் பிடித்தார், கேமரா வாங்கினார். படம், போட்டோ, பிள்ளை, பேத்தி என்று என்ன சந்தோஷமான மனுஷர், ரிட்டயர் ஆனால் இப்படி ஆக வேண்டும் என்று பார்க்கிறவர்கள் எல்லாம் அவளிடம் பொறாமைப்பட்டார்கள்.

அவர்களுக்கென்ன. ஞாயிற்றுக்கிழமைதோறும் பொம்மை மாதிரி உட்கார்வது அவர்கள் இல்லையே.

மாமியார் இறந்துபோன அடுத்த மாதம் ஆரம்பித்தது இது. குடும்பத்தை ஆயில் பெயிண்ட்டில் வரையப் போகிறேன், மகன், மருமகள், மகள், பேத்தி நாலு பேரும் வந்து உட்காருங்கள் என்றார். ஒரு வாரம், மிஞ்சினால் இரண்டு வாரம் என்று நினைத்துத்தான் எல்லோரும் தலையாட்டினார்கள். மழை போய் வெயில் வந்து, மறுபடி மழையும் வந்தாயிற்று. படம் முடிந்தபாடில்லை.

வாரம் ஒரு முகம் தகராறு செய்யும். இந்த வாரம் மகனின் தாடை என்றால் அடுத்த வாரம் மகளின் கண். எட்டிப் பார்த்தால் மற்ற மூன்று முகமும் பளிச்சென்று இருக்கும். அந்த ஒன்று மட்டும் மொழுக்கென்று அழிந்து கிடக்கும்.

வாரம் முழுக்க மருந்துக்கடையில் நின்று கால் வீங்குகிறவளுக்கு, இருக்கிற ஒரு லீவும் போனால் கோபம் வராதா? ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொண்டு வரையலாமே மாமா என்று நயமாகச் சொல்லியும் பார்த்தாள். எக்ஸ்ரேயை மேஜையில் படுக்கவைத்து யாராவது ஆபரேஷன் பண்ணுவார்களாம்மா என்று கேட்டு அவள் வாயை அடைத்துவிட்டார்.

அவருக்குக் கை போய்விட்டது, ஒத்துக்கொள்ளத்தான் மனசில்லை. அவளும் நாத்தனாரும் போனில் பேசி முடிவுக்கு வந்த விஷயம் இது.

நாத்தனார் முன்னாடியே வந்து கூடத்தில் காத்திருந்தாள். அங்கே நாலு நாற்காலிகள் வரிசையாக இருந்தன. கால்களைச் சுற்றித் தரையில் சாக்பீஸ் கோடு. இடம் மாறினால் வெளிச்சம் மாறிவிடுமாம். வாரம் முழுக்க அவற்றை யாரும் தொடக்கூடாது. யாரும் என்றால் யார்? அந்த வீட்டில் இருந்தது அவர் ஒருவர்தான்.

“வாடி வாலு” என்று பேத்தியைத் தூக்கிக்கொண்டார் சர்ஜன். “இந்த வாரம் உங்கம்மா மூக்குதான் தகராறு.”

“அது எப்பவுமே தகராறுதான்பா” என்றான் மகன்.

“வீட்டுக்கு வாங்க, பேசிக்கிறேன்” என்றாள் மருமகள்.

அவர் சிரித்துக்கொண்டே கை கழுவப் போனார். பிரஷ்ஷைத் தொடுமுன் முழங்கை வரை சோப்புப் போட்டாக வேண்டும். ஆபரேஷன் தியேட்டர் பழக்கம். குழாயைத் திறந்தால் லேசில் மூடமாட்டார்.

மருமகள் குரலைத் தாழ்த்தினாள். “இதுதான் சமயம். அவர்கிட்ட கேக்கவே வேண்டாம். எல்லாரும் இடத்துல உட்காருங்க. போட்டோவை எடுத்துட்டு, என்னையும் தனியா ஒண்ணு எடுத்துட்டு, இனிமே இதைப் பார்த்து வரைஞ்சுக்கோங்க மாமான்னு கையில குடுத்துடலாம்.”

மூன்று பேரும் முகத்தைத் திருத்திக்கொண்டு உட்கார்ந்தார்கள். அவள் அலமாரியிலிருந்து அவருடைய கேமராவை எடுத்தாள். ஏதோ ஒரு பொத்தானை அமுக்கப்போக, கடைசியாக எடுத்த போட்டோ திரையில் வந்து நின்றது.

அவர் வரைகிற இதே படம். நாலு முகமும் முழுசாக. அவளுடைய மூக்கு, அச்சாக அவளுடைய மூக்கு.

நிமிர்ந்து ஸ்டாண்டில் இருந்த படத்தைப் பார்த்தாள். அதில் அவளுக்கு முகமே இல்லை.

மறுபடி அமுக்கினாள். அதற்கு முந்தைய வாரம். நாலு முகமும் முழுசாக. அதற்கும் முந்தையது, மகனின் தாடை தகராறு செய்ததாகச் சொன்னாரே, அந்த வாரம். அதிலும் தாடையில் ஒரு குறையும் இல்லை. பின்னால் போகப் போக வாலுவின் முன்பல் சிறுத்துக்கொண்டே வந்து, ஒரு படத்தில் பல் விழுந்த ஓட்டையாகவே ஆனது. எல்லாமே முடிந்த படங்கள்.

ஸ்டாண்டுக்குக் கீழே ஒரு துணி கிடந்தது. தொட்டாள். அவள் கன்னத்தின் நிறம் ஈரமாக விரலில் ஒட்டியது.

ஒவ்வொரு ஞாயிறும் அவர்கள் கிளம்பிப் போன பிறகு படத்தை முடித்திருக்கிறார். போட்டோ எடுத்திருக்கிறார். அப்புறம் ஏதாவது ஒரு முகத்தைத் துடைத்திருக்கிறார்.

குழாய்ச் சத்தம் நின்றது.

தியேட்டருக்குள் வருகிற மாதிரி, ஈரக் கைகள் இரண்டையும் நெஞ்சுக்கு நேரே தூக்கிக்கொண்டு வந்தார். அவள் கையில் கேமராவைப் பார்த்தார். முழங்கையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட, தூக்கிய கையை இறக்காமல் அப்படியே நின்றுவிட்டார்.

“எடுத்தாச்சா அண்ணி?” என்றாள் நாத்தனார், உதடு அசையாமல்.

மருமகள் கேமராவை ஆஃப் செய்து, இருந்த இடத்திலேயே வைத்தாள்.

“இல்ல. பேட்டரி தீர்ந்துபோச்சு.”

போய்த் தன் நாற்காலியில் உட்கார்ந்தாள். இப்போதாவது சொல்லேன் என்று கணவன் புருவத்தால் சைகை காட்டினான்.

சொன்னாள்.

“மாமா, இவர் ஆடிக்கிட்டே இருக்கார். இந்த வாரமும் முடியும்னு எனக்குத் தோணல.”