கடுகளவு கைப்பிடி

சந்தானம் உள்ளங்கையில் அடங்கும் ரயில் எஞ்சின்களைச் செய்பவன். புதிதாக ஒன்று செய்யும்போது, முன்பதிவு செய்தவர்களிடம் முதல் பிரதியைக் காட்டிக் குறை கேட்பான். ஹாரன் தள்ளியிருக்கிறது, படிக்கட்டு தடிமன் என்று ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். ரோஸ்லின் மட்டும் நேரில் வந்து, ஓட்டுநர் அறைச் சன்னலில் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தார். விபத்தில் இறந்த அவர் கணவர் கடைசியாக ஓட்டிய எஞ்சினின் மாதிரி அது.

“பிரேக் கைப்பிடி கடைசிவரைக்கும் இழுத்திருக்கணும், தம்பி.”

“போட்டோல இருந்தபடிதாம்மா செஞ்சேன். கடுகளவு சாமான், யாருக்கும் தெரியாது.”

“அவர் பிரேக்கே போடலைன்னு விசாரணையில எழுதிட்டாங்க.”

எல்லாப் பிரதிகளையும் வார்க்கும் அச்சு ஒன்றுதான். ஒருவருக்காகத் திருத்தினால் எல்லோருடைய எஞ்சினிலும் கைப்பிடி அப்படித்தான் இருக்கும். சந்தானம் திருத்தினான்.

புதுப் பிரதியை ரோஸ்லின் எதிரிலேயே தண்டவாளத்தில் வைத்து மின்சாரம் கொடுத்தான். கைப்பிடி முழுக்க இழுத்தபடி இருக்க, எஞ்சின் நிற்காமல் மேசையைச் சுற்றி ஓடியது. அதைக் கண்டதும் அவன் கை ஸ்விட்சுக்குப் போனது.

ரோஸ்லின் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

“ஓடட்டும். இப்படித்தான் ஓடியிருக்கும்.”