சுவரில் தெரிந்த கால்கள்

களியக்காவிளையில் சுஜின் திறந்திருந்த செருப்புக்கடைக்கு, அவனுக்குப் பாடம் நடத்திய ஜெபகுமாரி டீச்சர் வந்திருந்தார்.

"இந்த ஷூவைப் போட்டு நடந்தா போதும் டீச்சர். மூணே மாசத்துல காலு இப்படி ஆயிரும்" என்று சுவரிலிருந்த விளம்பரப் படத்தைக் காட்டினான்.

அந்தக் கால்கள் கடைந்தெடுத்த மாதிரி இருந்தன. டீச்சரால் கண்ணை எடுக்க முடியவில்லை. ஆனாலும் நம்பவில்லை.

"உள்ளதைச் சொல்லு மக்கா. இது எந்த நடிகைக்க காலு?"

டீச்சரிடம் பொய் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை.

"எங்க அம்மைக்க காலு டீச்சர். முப்பது வருசமா தூத்தூர் கடற்கரையில இருந்து இங்க வரை வெறுங்காலோட மீன் சுமந்து நடந்து வாறா."

"அப்போ இந்த ஷூ?"

"போட்டோவுக்குப் போட்டதுதான். எடுத்து முடிக்கதுக்குள்ள, கால் வலிக்குதுன்னு கழத்திப் போட்டுட்டா."